சிறிய கட்டணமும் பெரிய விமானமும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு வேளாங்கண்ணிக்குச் சுற்றுலா செல்வதென்று முடிவாயிற்று. 52 இருக்கைகள் கொண்ட பஸ் ஒன்றுக்கு வாடகை 18,200 ரூபாய். 52 பேரும் வந்தால் தலைக்கு 350 ரூபாய்தான். ஆனால் பெயர் கொடுத்தவர்கள் 28 பேரே. உடனே கட்டணம் 650 ரூபாய் ஆகிவிட்டது. அதைக் கேட்டதும் இன்னும் 6 பேர், "வீட்டில் வேண்டாமென்கிறார்கள்" என்று விலகிக்கொண்டார்கள். மிஞ்சிய 22 பேருக்குக் கணக்குப் போட்டால் தலைக்கு 827 ரூபாய்! கடைசியில் எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் அவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு, 25 பேர் அமரும் வேன் ஒன்றை 10,500 ரூபாய்க்கு அமர்த்தினார்கள். தலைக்கு 477 ரூபாயில் போய் வந்தோம்.

பெரிய வண்டியில் ஆளுக்கு ஆகும் செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் வண்டி நிறைந்தால்தான் அது உண்மை. நிறையாத பெரிய வண்டியைப் போலச் செலவு வைக்கும் பொருள் வேறில்லை. ஆகாய விமானக் கம்பெனிகளும் இதே கணக்கில்தான் மாட்டிக்கொண்டு விழிக்கின்றன என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

என் சித்தி இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகருக்கு அருகில் நர்ஸாகப் பணிபுரிகிறார். 2025 ஜூலையில் இண்டிகோ கம்பெனி மும்பையிலிருந்து மாஞ்செஸ்டருக்கு நேரே பறக்கத் தொடங்கியது என்ற செய்தி வந்ததும், "இனி உன் சித்தி வருடா வருடம் வந்துவிடுவாள், மலிவு விமானம் வந்துவிட்டதே!" என்று என் பாட்டி மகிழ்ந்தார்கள். மலிவு விமானம் அத்தனை தொலைவு மலிவாகவே பறக்க முடியுமா என்று நான் அப்பாவைக் கேட்டேன். "நீயே படித்துப் பார்" என்று சொல்லிவிட்டார். படித்ததையும், அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன். நம் பள்ளிப் பெற்றோர்களில் சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் உறவினர் இல்லாதவர்கள் குறைவு. ஆகையால் இது நம் எல்லோருக்கும் உரிய கேள்விதான்.

முதலில், குறைந்த கட்டண விமானக் கம்பெனி எப்படிக் கட்டணத்தைக் குறைக்கிறது? சாப்பாட்டுக்குத் தனிக் காசு வாங்குவதால் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்கே. உண்மையான ரகசியம் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சவுத்வெஸ்ட் என்னும் கம்பெனி 1971-இல் டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. அதனிடம் இருந்தவை நான்கு போயிங் 737 விமானங்கள். 1972-இல் பணமுடை வந்து ஒரு விமானத்தை விற்க நேர்ந்தது. ஆனால் பறக்கும் தடவைகளைக் குறைக்க மனமில்லை. நான்கு விமானம் செய்த வேலையை மூன்று செய்ய வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திரும்பவும் கிளப்பினார்கள்! தரையில் நிற்கும் விமானம் பணம் சம்பாதிப்பதில்லை என்பதை அன்று அவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள்.

இன்னொன்று, ஒரே வகை விமானம். எல்லாம் ஒரே வகையாக இருந்தால் எந்த விமானி வேண்டுமானாலும் எதையும் ஓட்டலாம். உதிரிப் பாகங்களும் ஒரே வகை. பழுது பார்ப்பவருக்கும் ஒரே பயிற்சி போதும். நம் நாட்டில் இண்டிகோ 2006 ஆகஸ்டில் தொடங்கி நெடுங்காலம் ஏர்பஸ் ஏ320 என்ற ஒரே குடும்பத்து விமானங்களையே பெரும்பாலும் ஓட்டி வளர்ந்தது.

இந்த ஏ320 உள்ளே நடுவில் ஒரே நடைவழியும் இருபுறமும் மும்மூன்று இருக்கைகளும் கொண்டது. திருச்சியிலிருந்து பறந்தவர்கள் இதில் ஏறியிருப்பீர்கள். அகல உடல் விமானம் என்பது இரண்டு நடைவழிகள் உடையது. வரிசைக்குப் பெரும்பாலும் எட்டு முதல் பத்து இருக்கைகள் இருக்கும். போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ330, ஏ350 எல்லாம் இந்த வகை. ஏ320 தன் இறக்கைகளை 36 மீட்டருக்குள் அடக்கிக்கொள்ளும். ஏ350-க்கு ஏறத்தாழ 65 மீட்டர் வேண்டும். அதாவது வீட்டு வாசலில் ஆட்டோ நிறுத்தும் இடத்தில் லாரியை நிறுத்தச் சொல்வது போல.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மணி நேரம் பறக்கும் சிறு தூரப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறங்கியபின் ஒரு மணி நேரம் தரையில் நின்றால், ஒரு தடவைக்கு 2 மணி. 12 மணி நேரத்தில் 6 தடவை பறக்கலாம். நிற்கும் நேரத்தை அரை மணியாகக் குறைத்தால் 8 தடவை பறக்கலாம். புது விமானம் வாங்காமலே இரண்டு தடவை கூடுதல்! இதுவே மலிவுக் கட்டணத்தின் ஊற்று. இனி 10 மணி நேரம் பறக்கும் நீண்ட பாதை. தரையில் 2 மணி நின்றால் மொத்தம் 12. நாள் ஒன்றுக்கு 2 தடவை. ஓடி ஆடி அரை மணி மிச்சம் பிடித்தால் பதினொன்றரை மணி. அப்போதும் நாளுக்கு 2 தடவைதான். டெக்ஸாஸில் கிடைத்த வித்தை இங்கே செல்லாக் காசாகிவிடுகிறது. இந்தக் கணக்கை எங்கள் கணக்கு மிஸ்ஸிடம் காட்டினேன். சரியென்று சொல்லி, "எரிபொருளையும் சேர்த்துப் பார்" என்றார்கள்.

எரிபொருள் இன்னும் விசித்திரமானது. நீண்ட தூரம் போக எரிபொருள் அதிகம் வேண்டும். அந்த எரிபொருளின் பாரத்தைத் தூக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். போயிங் 787-9 புறப்படும்போது 254 டன் வரை இருக்கலாம். அதில் 100 டன் வரை எரிபொருளே இருக்க முடியும். சிங்கப்பூரின் ஸ்கூட் கம்பெனி இந்த விமானத்தில் 375 இருக்கைகளை வைத்திருக்கிறது. இண்டிகோவின் ஏ320 நியோ 79 டன், 186 இருக்கைகள். அப்படியானால் பெரிய விமானத்தில் இருக்கை இரண்டு மடங்கு, பாரமோ மூன்று மடங்குக்கும் மேல். விமான நிலையங்கள் தரையிறங்கும் கட்டணத்தைப் பெரும்பாலும் பாரத்தைப் பார்த்தே வாங்குகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணியாளர் செலவும் ஏறும். ஒரு மணி நேரப் பாதையில் இரண்டு விமானிகள் போதும். மாலையில் வீட்டுக்கே போய்விடுவார்கள். நீண்ட பாதையில் ஓய்வு மாற்றிக்கொள்ள மூவரோ நால்வரோ வேண்டும். போன ஊரில் அவர்களுக்கு ஓட்டல் அறையும் படியும் தரவேண்டும். பத்து மணி நேரம் பட்டினியாக யாரும் உட்கார மாட்டார்கள். ஆகவே சாப்பாடும் வந்துவிடும். இப்படி மலிவுக் கம்பெனி தன் பழைய சிக்கனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெரிய விமானத்தில் ஏறவேண்டியிருக்கிறது.

இதை முதன்முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தவர் இங்கிலாந்தின் பிரெடி லேக்கர். அவர் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே சமயம் வருத்தமாகவும் இருந்தது. சாதாரண மக்களும் அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பஸ்ஸுக்கு நிற்பது போல அன்றன்று வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி நியூயார்க் போகலாம் என்றார். 1971-இல் அனுமதி கேட்டார். அது கைகூடிப் பறக்க ஆறு ஆண்டுகள் ஆயின! பெரிய கம்பெனிகள் அவ்வளவு எதிர்த்தன. 1977 செப்டம்பர் 26-ஆம் நாள் அவருடைய 'ஸ்கைட்ரெயின்' லண்டன் கேட்விக் விமான நிலையத்திலிருந்து கிளம்பியது. 345 இருக்கைகள் கொண்ட டி.சி.10 என்னும் அகல உடல் விமானம். லண்டனிலிருந்து போகக் கட்டணம் 59 பவுன். மற்றவர்களின் வழக்கமான கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. மாணவர்களும் வேலையில்லாத இளைஞர்களும் அமெரிக்காவில் மகனைப் பார்க்கப்போகும் பாட்டிகளும் படுக்கைகளோடு வந்து வரிசையில் காத்திருந்தார்களாம். மறு ஆண்டே அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

பின்னர் என்ன நேர்ந்தது? 1979 மே மாதம் சிகாகோவில் வேறொரு கம்பெனியின் டி.சி.10 விழுந்து நொறுங்கியது. உடனே அந்த வகை விமானங்கள் அனைத்தையும் சில வாரங்கள் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். லேக்கரின் விமானங்களில் குறை இல்லாவிட்டாலும் அவையும் நின்றன. சிறு கம்பெனியின் பெரிய விமானங்கள் நின்றுவிட்டால் வருமானம் மொத்தமும் நின்றுவிடும். இதற்கிடையே அவர் மேலும் டி.சி.10 விமானங்களும், ஏர்பஸ் ஏ300 பத்தும் வாங்க ஏற்பாடு செய்தார். அந்தக் கடன் டாலரில். டிக்கெட் விற்ற பணமோ பெரும்பாலும் பவுனில். 1980 இறுதியில் ஒரு பவுனுக்கு 2.40 டாலர் அளவில் கிடைத்தது. 1981-இல் அது 2 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு பைசா கூடுதலாகக் கடன் வாங்காமலே கடன் வளர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பான் அமெரிக்கன் கம்பெனி தன் கட்டணத்தை லேக்கருக்குச் சமமாக வெட்டியது. மற்றப் பெரியவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதே விலைக்குப் பெரிய கம்பெனியிலேயே போகலாமென்றால் யார் வரிசையில் நிற்பார்கள்? 1982 பிப்ரவரி 5-ஆம் நாள் லேக்கர் கம்பெனி மூழ்கியது. கடன் 25 கோடிப் பவுனுக்கு மேல். ஆயிரக்கணக்கான பிரயாணிகள் வெளியூர்களில் அகப்பட்டுக்கொண்டார்கள். அவரைக் காப்பாற்ற நிதி திரட்டக்கூடப் பொதுமக்கள் முன்வந்தார்கள் என்றால் அவர்மேல் எத்தனை அன்பு இருந்திருக்க வேண்டும்! பெரிய கம்பெனிகள் சேர்ந்து சதி செய்ததாகத் தொடுத்த வழக்கு 1985-இல் சமரசமாக முடிந்தது. கம்பெனி திரும்பி வரவில்லை.

லேக்கரிடம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரிடம் இல்லாத ஒன்று இருந்தது. நியூயார்க்கில் இறங்கிய பிரயாணியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக அவரிடம் சிறு விமானங்கள் இல்லை. லண்டனுக்கு வெளியூர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கவும் இல்லை. கேட்விக் வாசலுக்குத் தாமே வந்து நின்றவர்களை நம்பியே 345 இருக்கைகளை நிரப்ப வேண்டியிருந்தது. கோடையில் வரிசை நீளும். குளிர்காலத்தில் யார் வருவார்கள்? கடன் தவணை குளிர்காலத்திலும் வரும்.

நார்வே நாட்டின் நார்வீஜியன் கம்பெனியின் கதை 31 ஆண்டுகள் கழித்து நடந்த அதே கதை எனலாம். 2013 மே மாதம் ஆஸ்லோவிலிருந்து நியூயார்க்குக்குப் பறக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வாங்கவிருந்த போயிங் 787 விமானங்கள் மின்கலக் கோளாறால் உலகம் முழுவதும் சில மாதங்கள் நிறுத்தப்பட்டிருந்ததால் தாமதமாகின. ஆரம்பமே வாடகைக்கு எடுத்த ஏ340 விமானத்தில். பிறகு 787-களை வேகவேகமாகச் சேர்த்தார்கள். 30-க்கும் மேல் சேர்ந்தன. 2017-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரைகூட வந்தார்கள். பதினாறு மாதங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் என்ஜின்களின் தகடுகள் எதிர்பார்த்ததைவிட விரைவில் தேய்ந்ததால் விமானங்கள் பழுதுக்கு நின்றன. அந்த நாட்களில் மீண்டும் வாடகை விமானம். கொரோனா வந்தபோது தாங்கும் சக்தி இல்லை. 2021 ஜனவரியில் நீண்ட தூரச் சேவையையே கைவிட்டு, ஐரோப்பாவுக்குள் சிறு விமானங்களை ஓட்டத் திரும்பிவிட்டார்கள். சிறு விமானங்களால் பிழைத்த கம்பெனி அது.

நம் அண்டை வீடான மலேசியாவின் ஏர்ஏசியா எக்ஸ் 2007 நவம்பரில் தொடங்கியது. லண்டனுக்கு 2009-இல் நான்கு என்ஜின் கொண்ட ஏ340 விமானத்தை அனுப்பிப் பார்த்து, 2012-இல் விட்டுவிட்டது. கொரோனாவுக்குப்பின் 2021-இல் அதன் கடன் சீரமைக்கப்பட்டபோது, கடன் கொடுத்தவர்களுக்கு நூற்றுக்கு அரை வீதமே கிடைத்தது. டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டிய பிரயாணிகளுக்கு ரொக்கமன்றி, பிறகு எப்போதாவது பறக்கும் உரிமையே கிடைத்தது. ஊருக்கு வர ஆறு மாதம் சேர்த்து டிக்கெட் எடுக்கும் ஒரு நர்ஸையோ கட்டடத் தொழிலாளியையோ இங்கே நினைத்துப் பாருங்கள். விமானக் கம்பெனிக்கு நாம் முன்கூட்டிக் கட்டும் பணம் ஒருவகையில் நாம் கொடுக்கும் கடனே. நமக்கு வட்டியுமில்லை, பத்திரமுமில்லை. ஆகவே கம்பெனி பெரிய விமானம் வாங்குவதா வேண்டாமா என்பது முதலாளிகளின் கவலை மட்டுமல்ல.

அப்படியானால் யாருமே வெற்றி பெறவில்லையா? இல்லை, பெற்றிருக்கிறார்கள். மேலே சொன்ன ஸ்கூட் 2012 ஜூனில் தன் தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்திய போயிங் 777 விமானங்களை வைத்துக்கொண்டு சிட்னிக்குப் பறக்க ஆரம்பித்தது. 2015 முதல் 787 வந்தது. 2016-இல் சென்னைக்கும் அமிர்தசரசுக்கும் வந்தது. 2017-இல் சிறு விமானங்கள் வைத்திருந்த டைகர் கம்பெனியோடு இணைந்தது. இந்த இணைப்புதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. திருச்சியிலிருந்து சிறு விமானத்தில் போகிறவர் சிங்கப்பூரில் இறங்கி, அதே கம்பெனியின் பெரிய விமானத்தில் ஏறிச் சிட்னிக்குப் போகலாம். பத்து ஊர்களிலிருந்து பத்துப் பத்துப் பேராக வந்தால் நூறு இருக்கைகள் நிறைந்துவிடும். காவிரிக்கு வாய்க்கால்கள் தண்ணீர் கொடுப்பதில்லை, உபநதிகள் கொடுக்கின்றன, விமானத்துக்கும் அப்படியே. இவ்வளவும் இருந்தும் ஸ்கூட் ஹொனலுலுவுக்கு 2017-இல் தொடங்கிய சேவை நிறையாததால் 2019-இல் நிறுத்தப்பட்டது. நிறுத்தத் தெரிந்ததும் ஒரு திறமைதான்.

பிலிப்பைன்ஸின் செபு பசிபிக் வேறு வழி பிடித்தது. ஏ330 நியோ விமானத்தில் 459 இருக்கைகளை வைத்திருக்கிறது. துபாயில் வேலை செய்யும் தன் நாட்டுத் தொழிலாளர்களை 2013 முதல் ஏற்றிச்செல்கிறது. வீட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் போகிறவர்கள் ஆண்டு முழுவதும் இருப்பார்கள் அல்லவா? அதோடு மணிலா விமான நிலையத்தின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. மேலும் விமானங்கள் வந்திறங்க நேரம் ஒதுக்க முடியாத நெருக்கடி. அங்கே ஒரு தடவைக்கு 459 பேரைத் தூக்கிச் செல்வதே புத்திசாலித்தனம். ஒரு மணி நேர உள்நாட்டுப் பாதைகளிலும் அந்தப் பெரிய விமானத்தை ஓட்டுகிறார்கள். மும்பையிலும் ஓடுபாதைகள் இப்படித்தான் குறுக்காக வெட்டுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி இண்டிகோவுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து போயிங் 777 விமானத்தை விமானிகளோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து இஸ்தான்புல்லுக்கு ஓட்டியது. 2024 ஏப்ரலில் முதன்முதலாகச் சொந்தமாக 30 ஏ350 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2025-இல் அதை 60 ஆக உயர்த்தியது. அவை வரும்வரை பொறுக்காமல், நோர்ஸ் என்னும் கம்பெனியிடமிருந்து 787-9 விமானங்களை வாடகைக்கு எடுத்து 2025 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமுக்கும் மாஞ்செஸ்டருக்கும் பறந்தது. இதில் ஒரு வேடிக்கை. நோர்ஸ் கம்பெனி தன் 787 விமானங்களைப் பெற்றது நார்வீஜியன் விட்டுச்சென்றவற்றிலிருந்துதான்! ஒருவரைக் கவிழ்த்த அதே வண்டிகள் இன்னொருவர் வாசலில் வந்து நின்றன.

ஆனால் இண்டிகோவிடம் லேக்கரிடம் இல்லாதது இருக்கிறது. 2025-இல் நம் நாட்டின் உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் அதில்தான் பறந்தார்கள். கோயம்புத்தூர், மதுரை, கொச்சி, பாட்னா எங்கிருந்தும் மும்பைக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்க அதன் சிறு விமானங்களே போதும். இதுநாள்வரை அந்த வேலையை நமக்காகத் துபாயும் தோஹாவும் செய்துவந்தன. சித்தியும் துபாய் வழியாகவே வருவார். இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை நம் விமானங்களுக்கு மூடியபோது, சுற்றுவழியில் போகச் சிறு விமானத்துக்கு எரிபொருள் போதவில்லை. டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கும் தாஷ்கண்டுக்கும் ஓடிய சேவைகளை இண்டிகோ நிறுத்த நேர்ந்தது. நீண்ட மூச்சுடைய விமானம் கையில் இல்லாதவன் அண்டை வீட்டுக்காரர் கதவை அடைத்தால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

வாடகை விமானத்தை நம்பியும் நெடுநாள் இருக்க முடியாது. 2025 மே மாதம் துருக்கி விமானங்களின் வாடகைக்கு நம் அரசு மூன்று மாத நீட்டிப்பு மட்டுமே கொடுத்தது. காரணம் விமானமல்ல, அரசியல்.

ஆகவே, வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் 60 என்ற எண் எனக்குப் பயமாக இருக்கிறது. 30 விமானங்களை நிறைத்துக் காட்டிவிட்டு அடுத்த 30-ஐக் கேட்டிருக்கலாம். நாம் விமானத்துக்குக் கொடுப்பது டாலர். டிக்கெட்டுக்கு வாங்குவது ரூபாய். லேக்கரின் பவுன் கதையை மறக்கக் கூடாது. மேலும் 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு பற்றிய புது விதிகளுக்கு ஏற்ற ஏற்பாடு போதாமல் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தாயின. திருமணத்துக்கும் தேர்வுக்கும் போக இருந்தவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். சிறு விமானத்துக்கே விமானிகள் போதவில்லையென்றால், ஒவ்வொரு தடவைக்கும் மூவர் நால்வர் கேட்கும் பெரிய விமானத்தை எண்ணி ஆழம் பார்த்தே இறங்க வேண்டும். நடுவழியும் ஒன்றுண்டு. ஏ321 எக்ஸ்.எல்.ஆர். என்னும் ஒற்றை நடைவழி விமானம் ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர் பறக்கும். ஸ்பெயினின் ஐபீரியா 2024 நவம்பரில் அதை முதலில் ஓட்டியது. இருநூறு பேர் மட்டுமே சேரக்கூடிய ஊருக்கு அதுதான் எங்கள் 'வேன்'.

பெரிய விமானத்தின் வயிற்றை மறந்துவிட்டேனே! பிரயாணிகளுக்குக் கீழே உள்ள பகுதியில் பெட்டிப் பெட்டியாகச் சரக்கு ஏற்றலாம். பிரயாணிகள் குறைந்த மாதங்களில் மல்லிகையும் காய்கறியும் மருந்தும் ஆயத்த ஆடையும் கட்டணத்தில் ஒரு பங்கைச் சுமந்துவிடும். டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் இங்கே வருவார்கள், இங்கிருந்து அங்கே போகிறவர் குறைவு. அந்த வெற்று இருக்கைகளுக்குக் கீழே திருப்பூர்ப் பனியன் போகட்டுமே.

நம் திருச்சிக்கு ஏ350 வருமா என்று தோழிகள் கேட்கிறார்கள். புதிய நிலையக் கட்டடம் 2024-இல் திறக்கப்பட்டு அழகாக இருக்கிறது. ஆனால் ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர்தான். வெயில் காலத்தில் முழுப் பாரத்தோடும் எரிபொருளோடும் நீண்ட தூரம் கிளம்பும் பெரிய விமானத்துக்கு இது போதாது. நீட்டிக்க வேண்டும் என்று நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. ஆகவே நமக்கு இன்னும் பல நாள் சிறு விமானமே. பெரிய விமானத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் உபநதியாகத்தான் நாம் இருப்போம்.

இதையெல்லாம் எழுதி முடித்துச் சித்திக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "கட்டணம் குறைவா கூடவா என்பது பிறகு. மாஞ்செஸ்டரில் போட்ட பெட்டி திருச்சியில்தான் என் கைக்கு வரவேண்டும். நடுராத்திரி மும்பையில் இரண்டு பெட்டியையும் தள்ளிக்கொண்டு திரிய என்னால் முடியாது. ஆஸ்பத்திரியில் லீவு தருகிற தேதியில் விமானம் இருக்கவும் வேண்டும்" என்றார். சென்ற கிறிஸ்துமஸுக்கு மாஞ்செஸ்டர் விமானம் வாரத்தில் சில நாட்களே என்பதால் அவர் லீவுத் தேதிக்கு ஒத்துவரவில்லை. வழக்கம்போலத் துபாய் வழியாகத்தான் வந்தார். பாட்டிக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை போகவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள்.